கோயில்காட்டு நீலப்பூ: காயாதான், ஆனால் குச்சியில் வராது

கேள்வி: மரக்காணம் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலைச் சுற்றி ஒரு சின்னக் காடு இருக்கிறது. சித்திரையில் கோடை மழை பெய்து இரண்டு மூன்று வாரம் கழித்துப் போனபோது, ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த புதர்களின் குச்சியெல்லாம் நீலப்பூ அப்பிக் கிடந்தது. அடுத்த வாரம் போனால் ஒன்றுமே இல்லை. ஊர்ப் பெரியவர்கள் காசான் என்கிறார்கள். பூசாரி காயாம்பூ என்கிறார். காயாம்பூ என்று கேட்டு நர்சரியில் 350 ரூபாய்க்கு ஒரு செடி வாங்கினேன். அதில் பெரிய ஊதாப்பூ வந்தது. வைகாசி வெயிலில் செடி போய்விட்டது. காட்டிலிருந்து இருபது குச்சி வெட்டி வைத்தேன், ஒன்றுகூட வேர் விடவில்லை. ஒரு சிறு செடியைப் பெயர்த்து வந்தேன், அதுவும் வாடிவிட்டது. இதற்கிடையில், உறவினர் ஒருவர் ஐந்து வருடத்துக்கு முன் கொடுத்த அதே காசான் செடி வீட்டுத் தோட்டத்தில் இடுப்பளவு நிற்கிறது. சொட்டுநீர், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், வருடத்துக்கு இரண்டு முறை கவாத்து என்று எல்லாம் செய்தும் இதுவரை பூக்கவில்லை. துளிர் மஞ்சளாக வருகிறது. அது உண்மையில் காயாதானா? எப்படிப் பெருக்குவது? ஏன் பூக்கவில்லை?

பதில்: உங்கள் பூசாரி சொன்னதும் பெரியவர்கள் சொன்னதும் ஒரே செடியைத்தான். காயா, காசா, காசான் எல்லாம் இதன் பெயர்களே. பழைய நூல்களில் பூவை என்றும் வரும். கேரளத்தில் காயாம்பூ, காசாவு, மராட்டியில் அஞ்சனி, சிங்களத்தில் கோரகஹ. தாவரவியல் பெயராக மெமிசைலான் அம்பெல்லாட்டம் என்றும் மெமிசைலான் எடூல் என்றும் இரண்டைப் பார்ப்பீர்கள். நம் கடற்கரைக் காட்டுச் செடிக்கு ஒரு பட்டியலில் முதல் பெயர் இருக்கும், இன்னொன்றில் இரண்டாவது இருக்கும். வளர்ப்பவருக்கு அந்த வழக்கு தேவையில்லை. இந்தப் பேரினத்தில் 300-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டில் கிடைக்கும் உறவுக்காரச் செடி எல்லாமே உங்கள் ஊர் மண்ணுக்கு ஒத்துவராது.

நர்சரிக்காரர் கொடுத்தது பெரும்பாலும் டிபூச்சினாவாக இருக்கும். இதே மெலஸ்டொமேட்டேசி குடும்பம்தான், ஆனால் பிரேசில் பக்கத்துச் செடி. ஊட்டி, கொடைக்கானல், மூணாறு வீட்டு வாசல்களில் அழகாகப் பூக்கும். கடற்கரைச் சமவெளியின் வைகாசியைத் தாங்காது. அதை உங்கள் தவறாக எண்ண வேண்டாம்.

பூ நான்கைந்து நாளில் உதிர்ந்துவிடும் என்பதால் பூவை வைத்துத்தான் அடையாளம் காண்பேன் என்று இருந்தால் வருடத்தில் 350 நாள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இலையையும் கணுவையும் படித்துக்கொள்ளுங்கள்.

காயாவின் இலை எதிரெதிர் அடுக்கில், ஜோடி ஜோடியாக இருக்கும். நீளம் மூன்றிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர்; காம்பு குட்டை; தடித்த, தோல் போன்ற, பளபளப்பான கரும்பச்சை. இப்போது இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுநரம்பு மட்டும் தெளிவாகத் தெரியும், பக்க நரம்புகள் ஏறக்குறைய காணாமல் போயிருக்கும். இதுதான் முதல் சாட்சி. இந்தக் குடும்பத்தின் மற்றச் செடிகளில், உங்கள் டிபூச்சினாவிலும் கேரளத்தார் அதிராணி என்னும் மெலஸ்டோமாவிலும், காம்படியிலிருந்து நுனி வரை மூன்று முதல் ஏழு நரம்புகள் வில் போல ஓடும். இலை சொரசொரவென்று ரோமமாக இருக்கும். காயா அந்தக் குடும்பத்திலேயே தனிப் போக்கு. அதனால் குடும்ப லட்சணத்தை வைத்துத் தேடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

அடுத்து, இலையைக் கசக்கி முகருங்கள். வாசனை எதுவும் வராது. காட்டில் பக்கத்திலேயே நிற்கும் நாவல் கன்றின் இலையும் எதிரடுக்கு, பளபளப்பு. ஆனால் கசக்கினால் மணக்கும், பக்க நரம்புகள் நெருக்கமாகக் கோடு போட்டது போல ஓடி விளிம்போரம் ஒன்றாகச் சேரும். உலக்கைப் பாலையைக் கிள்ளினால் பால் வரும், காயாவில் வராது. காட்டு வெட்சிக்கும் இதற்கும்தான் பலர் குழம்புவார்கள், ஏனென்றால் இரண்டிலும் பூவிதழ் நான்கு. வெட்சியில் இரண்டு இலைக்காம்புகளுக்கு இடையே கணுவில் ஒரு சின்ன முக்கோணச் செதில் இருக்கும். காயாவின் கணுவில் அது கிடையாது. வெட்சிப்பூ நீண்ட குழாய் மேல் விரியும். காயாவில் குழாய் இல்லை, சின்னக் கிண்ணம்தான்.

மூன்றாவது சாட்சி பழைய கிளையில் இருக்கிறது. இலை உதிர்ந்துபோன, பென்சில் பருமனுள்ள கிளைகளைத் தடவிப் பாருங்கள். கணுக்கள் முடிச்சு முடிச்சாகப் பருத்திருக்கும். வருடா வருடம் அதே கணுவிலிருந்து பூங்கொத்து வந்துபோன தழும்பு அது. இளங்கிளையில் இது இருக்காது. இந்த முடிச்சுகளை நினைவில் வையுங்கள்; உங்கள் வீட்டுச் செடி பூக்காததற்கான பாதிக் காரணம் இதில்தான் இருக்கிறது.

பூ கிடைத்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஒரு பூ அரை விரல்கடைகூட இராது. இளஞ்சிவப்பு ஓடிய கிண்ணம், நான்கு நீல இதழ்கள், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எட்டு மகரந்தத் தாள்கள், அவையும் நீலம். தனிப்பூவுக்கு அழகு சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கில் கொத்தாகக் குச்சியை மூடும்போதுதான் மயில் கழுத்து நிறம் வருகிறது. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று சொல்வதும் இந்த நிறத்தை வைத்துத்தான். சங்குப்பூவைக் காயாம்பூ என்று இணையத்தில் படம் போடுகிறவர்களை நம்ப வேண்டாம், அது கொடி. காயின் அடையாளமும் எளிது: மிளகைவிடச் சற்றுப் பெரிய உருண்டை, தலையில் கொய்யாப் பிஞ்சுக்கு இருப்பது போல வட்டமான கிரீடத் தழும்பு. பச்சையிலிருந்து மஞ்சள், சிவப்பு என்று மாறிக் கறுப்பாகப் பழுக்கும். உள்ளே ஒரே ஒரு விதை.

இனி, எங்கே வளர்கிறது என்று பார்த்தால் எப்படி வளர்ப்பது என்பதும் விளங்கிவிடும். சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடுகளில் இது முக்கியமான புதர். புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புதுப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் நிறையப் பார்க்கலாம். இலங்கையின் காடுகளிலும் உண்டு. மராட்டிய மலையில் மகாபலேசுவரம் பக்கம் நாவலோடு சேர்ந்து காட்டையே நிரப்பி, புதராக இல்லாமல் சிறு மரமாகவே நிற்கும். ஓரிடம் கடல் மட்டம், இன்னொன்று 1,300 மீட்டருக்கு மேல். ஓரிடம் வடகிழக்குப் பருவமழை, இன்னொன்று கொட்டித் தீர்க்கும் தென்மேற்கு. பொதுவாக இருப்பவை இரண்டு. மண் செம்மண்ணாகவோ செம்புறையாகவோ, நீர் நிற்காமல் வடிகிறதாக, சுண்ணாம்பு இல்லாததாக இருக்கிறது. வருடத்தில் சில மாதம் மழையே இல்லாத வறட்சி இருக்கிறது.

சங்கப் பாடல் ஒன்றில் அரக்குப் போலச் சிவந்த நிலத்துப் பாதையில் உதிர்ந்த காயாம்பூவும், மழைக்கு வெளிவரும் தம்பலப் பூச்சிகளும் கலந்து கிடப்பது, பவளமும் நீலமணியும் சேர்ந்தது போல இருக்கிறது என்று வரும். உவமையை விட்டுவிட்டுத் தோட்டக்காரர் கண்ணால் படித்தாலும் அதில் மண்ணும் பருவமும் இரண்டுமே இருக்கின்றன: செம்மண், காய்ந்திருந்த நிலத்தில் விழுந்த மழை. முல்லைத்திணைப் பாடல்களில் கார்காலப் பூவாக வருவது உங்கள் ஊரில் சித்திரையில் பூப்பது முரண் அல்ல. இந்தச் செடி நாள்காட்டியைப் பார்ப்பதில்லை, வறட்சிக்குப் பின் வரும் நல்ல மழையைப் பார்க்கிறது.

உங்கள் தோட்டத்துச் செடிக்கு வருவோம். மூன்று காரியம் அதன் பூவைத் தடுக்கிறது.

முதலாவது கவாத்து. வருடத்துக்கு இரண்டு முறை நுனிகளை ஒட்ட வெட்டுகிறீர்கள். செம்பருத்திக்கும் ரோஜாவுக்கும் அது சரி, அவை புதுத்தளிரில் பூப்பவை. காயா முதிர்ந்த, இலை உதிர்ந்த கணுவில் பூப்பது. ஒரு கிளை முதிர்ந்து முடிச்சு விடும் முன்பே நீங்கள் அதை எடுத்துவிடுகிறீர்கள். செடி மறுபடி தளிர் விட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இன்றிலிருந்து இரண்டு வருடத்துக்குக் கத்தரியைக் காட்டாதீர்கள். காய்ந்த குச்சியையும், ஒன்றோடொன்று உரசும் கிளையையும் மட்டும் எடுக்கலாம். வடிவம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் பூத்து உதிர்ந்த ஒரு மாதத்துக்குள், நுனியிலிருந்து ஒரு சாண் அளவுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கிளையின் உள்பக்கம் மொட்டையாகத் தெரிகிறதே என்று தழும்புக் கணுக்களைச் செதுக்கிச் சுத்தம் செய்கிறவர்களும் உண்டு. அது பூவைக் கையால் கிள்ளி எறிவதற்குச் சமம்.

இரண்டாவது சொட்டுநீர். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நனைந்துகொண்டே இருக்கும் செடிக்குக் காய்தலும் இல்லை, மழையும் இல்லை. கார்த்திகை, மார்கழி மழை ஓய்ந்ததும், தை மாதத்திலிருந்து அந்தச் செடிக்கு மட்டும் குழாயை அடைத்துவிடுங்கள். ஐந்து வருடமாகத் தரையில் நிற்கும் செடிக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை இரண்டு குடம் போதும். மணற்பாங்கான மண் என்றால் பத்து நாள். இலையைப் பார்த்து முடிவெடுங்கள்: பளபளப்பு மங்கி, காலையிலும் லேசாகத் தொங்கலாக இருந்தால் தண்ணீர் வேண்டும், மதியம் மட்டும் வாடி மாலையில் நிமிர்ந்தால் வேண்டாம். இலை உதிரும் அளவுக்குக் காயப்போடவும் கூடாது. பங்குனிக் கடைசியிலோ சித்திரையிலோ முதல் நல்ல மழை வந்தால் அது போதும். வராவிட்டால் தூரைச் சுற்றி மூன்றடி வட்டப் பாத்தி கட்டி, மெதுவாக 40–50 லிட்டர் ஊற்றுங்கள். ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை. முடியுமானால் இதற்கென்று தொட்டியில் மழைநீர் பிடித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் பழைய கணுக்களில் கடுகளவு இளஞ்சிவப்புப் புடைப்புகள் தெரிந்தால் வேலை நடந்துவிட்டது. மொட்டு வைத்த பிறகு வறட்சி காட்டக் கூடாது, உதிர்த்துவிடும். நீண்ட வறட்சியே இல்லாமல் நடுவில் அடிக்கடி தூறல் விழும் வருடத்தில் பூ சிதறலாக, பெயருக்கு வரும். காட்டிலும் அப்படித்தான்.

மூன்றாவது தண்ணீரின் குணம். துளிர் மஞ்சளாக வருவது என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே ஒரு நிதானம் வேண்டும், ஏனென்றால் காயாவின் புதுத்துளிர் இயல்பாகவே மஞ்சள் கலந்த இளம்பச்சை, சில செடியில் செம்மை. மூன்று நான்கு வாரத்தில் அது கரும்பச்சைக்கு வந்துவிட்டால் எந்தக் குறையும் இல்லை. இலை முழு அளவு விரிந்து தடித்த பிறகும் மஞ்சளாகவே நின்று, நடுநரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மற்றச் செடிகளில் இரும்புக் குறையென்றால் நரம்பு வலை முழுவதும் பச்சையாகத் தெரியும். காயாவில் பக்க நரம்பே தெரியாததால் அந்தப் படம் கிடைக்காது. பலர் தழைச்சத்துக் குறை என்று நினைத்து யூரியா போட்டு இன்னும் கெடுப்பார்கள். பழைய இலையின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகினால் அது உப்பு. அடியிலைகள் மஞ்சளாகி உதிர்ந்து, மண்ணும் ஈரமாகவே இருந்தால் அது வேரழுகல். மூன்றும் ஒரே செடியில் வருவதும் உண்டு.

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். சுண்ணாம்பும் கார்பனேட்டும் மிகுந்த ஆழ்துளைத் தண்ணீர் வருடக்கணக்காகப் பாய்ந்து மண்ணைக் காரமாக்கிவிட்டால் வேருக்கு அந்த இரும்பை எடுக்க முடியாது. காயா அமிலப் பாங்கான மண்ணுக்குப் பழகிய செடி. மண்ணில் கரையும் அலுமினியத்தை இழுத்து இலையில் சேர்க்கும் வழக்கமே இதற்கு உண்டு. அதனால்தான் பாய்க்கும் துணிக்கும் மஞ்சள் சாயம் ஏற்றுகிறவர்கள் இந்த இலையைப் படிகாரத்தின் இடத்தில் பயன்படுத்தினார்கள். செடி எப்படிப்பட்ட மண்ணுக்கு உரியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

சோதனைக்குத் தூரிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணைக் காயவைத்து அதன் மேல் கொஞ்சம் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு ஏறியிருக்கிறது. நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்புத்தன்மையும் காரத்தன்மையும் பார்த்துவிடுங்கள். சிகிச்சை இரண்டு வகை. உடனடி நிவாரணத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் இரும்பு சல்பேட் (கடையில் அன்னபேதி என்றும் கேட்கலாம்), 1 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து, மாலையில் இலையின் இருபுறமும் நனையத் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. கரைசல் இளம்பச்சையாக இருக்க வேண்டும். துருநிறமானால் கெட்டுவிட்டது, கொட்டிவிடுங்கள். தடித்த, மெழுகுப் பூச்சுள்ள முதிர்ந்த இலையில் மருந்து ஒட்டாது. இளைய இலையில்தான் பலன் தெரியும். ஒரு துளி சோப்புக் கரைசல் சேர்த்தால் படியும். நிரந்தரத் தீர்வு மூடாக்குதான். தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூன்று நான்கு அங்குல உயரத்துக்குக் காய்ந்த இலைச்சருகு; வருடத்துக்கு இரண்டு கூடை மக்கிய இலைக்குப்பை. சாம்பல் போடாதீர்கள், சுண்ணாம்பு போடாதீர்கள், முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவும் வழக்கம் இருந்தால் அதைத் தக்காளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செடிக்கு அது நேர் எதிரி. யூரியா, டிஏபி தேவையில்லை. தழை கொழுக்கும், பூ வராது. ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு ஆடியில் போட்டால் போதும்.

இவ்வளவும் செய்தாலும் அடுத்த சித்திரையிலேயே பூவை எதிர்பார்க்காதீர்கள். வெட்டிய கிளை முதிர வேண்டும். இரண்டாவது சித்திரை நியாயமான எதிர்பார்ப்பு. நாளொன்றுக்கு ஐந்து ஆறு மணி நேரம் வெயில் விழுகிறதா என்றும் பாருங்கள். காட்டில் மர நிழலில் நிற்கும் காயா உயிரோடு இருக்கும், ஆனால் பூ அள்ளுவது காட்டோரத்தில் நிற்பதுதான்.

பெருக்கும் முறைக்கு வருகிறேன். குச்சி நட்டால் வேர் பிடிப்பது மிக அரிது. கட்டை வைரம் பாய்ந்த, மெதுவாக வளரும் செடிகள் பலவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. வேரூக்கித் தூள், பனி போல நீர் தூவும் கூடாரம் எல்லாம் வைத்தாலும் பத்துக்கு ஒன்றிரண்டு தேறினால் அதிகம். பெயர்த்து நடுவது அதைவிட மோசம். முழங்கால் உயரச் செடிக்குக்கூட ஆணிவேர் ஆழமாகப் போயிருக்கும். அது அறுந்தால் மேலே இருக்கும் தடித்த இலைகள் சில வாரம் பச்சையாக நின்று ஏமாற்றிவிட்டு ஒரே நாளில் சருகாகும். அதோடு கோயில்காட்டில் சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊரில் இருக்கிறது. அந்தக் காடுகள் இன்று மிஞ்சியிருப்பதே அதனால்தான். பழம் மட்டும் எடுங்கள், அதையும் பூசாரியிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

பூத்த இரண்டு மூன்று மாதத்தில், ஆனி, ஆடியில் பழம் கறுக்கும். சின்னான் என்னும் கொண்டைக்குருவி உங்களுக்கு முன் வந்துவிடும். வாரம் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். முழுக்கக் கறுத்து, விரலால் அழுத்தினால் நசுங்கும் பழம்தான் வேண்டும். சிவந்த நிலையில் பறித்தது முளைக்காது. ஒரே புதரிலிருந்து எல்லாவற்றையும் எடுக்காமல் ஏழெட்டுப் புதரிலிருந்து பத்துப் பத்தாக எடுங்கள். நூறு பழம் தாராளம். ஒன்றிரண்டு வாயிலும் போட்டுக்கொள்ளலாம், துவர்ப்போடு கூடிய இனிப்பு, நாக்கு நிறம் மாறும்.

விதையில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். கத்தரி, வெண்டை விதை போல வெயிலில் உலர்த்தி டப்பாவில் போட்டு வைத்தால் இந்த விதை செத்துவிடும். இது ஈர விதை. உள்ளே மடிந்து கிடக்கும் பருத்த விதையிலைகள் காய்ந்தால் திரும்ப உயிர் வராது. பறித்த அன்றோ மறுநாளோ பழத்தை ஆற்றுமணலோடு சேர்த்துச் சல்லடையில் தேய்த்து, சதையை முழுக்கக் கழுவி எடுங்கள். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சாணமும் எறும்பும் வரும். வாளித் தண்ணீரில் போட்டு மிதப்பதை எறிந்துவிட்டு, மூழ்கியதை நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு அன்றே விதையுங்கள். தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் ஈர மணலில் பொதிந்து எடுத்துப் போங்கள், ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

விதைக்கும் தட்டுக்கான கலவை: இரண்டு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு நன்கு மக்கிய இலைக்குப்பை. சாணம் வேண்டாம், அரைகுறையாக மக்கிய சாணத்தில் வரும் வேர்ப்புழு ஒரே இரவில் தட்டைக் காலி செய்யும். விதையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், இரண்டு அங்குல இடைவெளியில் வைத்து, மேலே மெல்லிய சருகுத் தூள் பரப்புங்கள். ஐம்பது சதவீத நிழல்வலை. பூவாளியால் தண்ணீர், மேல்மண் ஈரமாக இருக்க வேண்டும், சகதியாகக் கூடாது. முளைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், எல்லாம் ஒன்றாகவும் முளைக்காது. மூன்று மாதம் வரை தட்டைக் கொட்டாதீர்கள். முளைத்த கன்று தண்டடியில் கறுத்துச் சாய்ந்தால் தண்ணீரும் நிழலும் அதிகம் என்று பொருள்.

நான்கு இலை வந்ததும் ஐந்துக்கு எட்டு அங்குலப் பைக்கு மாற்றுங்கள், ஆணிவேர் மடங்காமல். பைக்கலவை: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, இலைக்குப்பை ஒன்று. முதல் வருடத்தில் ஒரு சாண் வளர்ந்தாலே நல்ல வளர்ச்சி. குறை இருக்கிறதோ என்று உரம் கொட்டி எரிக்க வேண்டாம். வேர் பையைத் துளைத்துத் தரையில் இறங்காதிருக்க, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பையை இடம் மாற்றி வையுங்கள்.

ஒன்றரை, இரண்டு வயதில், ஓரடி உயரமானதும் நடலாம். சோழமண்டலக் கரையில் அதற்கு ஐப்பசிதான் காலம். முதல் மழை மண்ணை நனைத்த பிறகு நட்டால் இரண்டு மாதம் வானமே தண்ணீர் ஊற்றும். குழி நீளம், அகலம், ஆழம் எல்லாம் ஒன்றரை அடி. எடுத்த மண்ணோடு ஒரு கூடை இலைக்குப்பை கலந்து மூடுங்கள். களிமண் என்றால் குழிக்குள் மணலைக் கொட்டாதீர்கள், அது தண்ணீர் தேங்கும் தொட்டியாகும். தரைக்கு மேல் முக்கால் அடி மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். வேலியாக வேண்டுமென்றால் மூன்றடிக்கு ஒன்று, தனிப்புதராக என்றால் எட்டடி இடம் விடுங்கள். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒரு முறை தண்ணீர், மேற்கு வெயிலுக்கு ஒரு தென்னங்கீற்று மறைப்பு, ஆடு மேயாமல் முள்கூடு. மேலே சொன்ன தை மாத வறட்சிப் பாடத்தை மூன்றாவது, நான்காவது வருடத்துக்கு முன் தொடங்க வேண்டாம். விதையிலிருந்து வந்த செடியில் நான்கைந்து வருடத்துக்கு முன் பூ கேட்பதும் நியாயமில்லை.

மாடியில் வளர்க்க ஆசையென்றால் மெதுவான வளர்ச்சியே வரம்: பதினாறு அங்குலத் தொட்டியில் பல வருடம் அடக்கமாக நிற்கும். அங்கே வறட்சி என்பது இரண்டு மூன்று நாள்தான், பதினைந்து நாள் அல்ல.

பூச்சித் தொல்லை அதிகம் கிடையாது. செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் கணுவில் உட்கார்ந்து, அவற்றின் தேன்கழிவில் கரும்பூசணம் படர்ந்து இலை கரி பூசியது போலாகும். எறும்பு ஏறுவதைப் பார்த்தாலே தேடுங்கள். பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுத்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், ஒரு மில்லி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். பூத்திருக்கும் நான்கைந்து நாளில் எதையும் தெளிக்கக் கூடாது. தேனீயும், மரம் துளைக்கும் கருவண்டும் அப்போது மகரந்தம் எடுத்துக்கொண்டிருக்கும். அவை வராவிட்டால் ஆடியில் பழம் இல்லை.

கன்றாகவே வாங்க நினைத்தால் ஆரோவில் பகுதியில் இந்தக் காட்டினச் செடிகளைப் பல காலமாக வளர்க்கும் நாற்றங்கால்கள் இருக்கின்றன. எங்கே வாங்கினாலும் பெயர்ப்பலகையை நம்பாமல் ஓர் இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பையில் பூவோடு நிற்கும் சின்னச் செடியைக் காட்டிக் காயாம்பூ என்றால், வாங்காமல் வந்துவிடுங்கள்.